சுப்பாராவின் பாஸ்பரஸ், மைசூரின் மூளைகள்

(எச்சரிக்கை: பதிவு நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காரவும்.)

மைசூர் ரயில் நிலையத்தைத் தாண்டி கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் போகும் சாலையில் ஒரு பெரிய மாளிகை இருக்கிறது. உடையார் குடும்பத்து இளவரசி ஒருவருக்காகக் கட்டிய செலுவாம்பா மாளிகை. 1950 அக்டோபரிலிருந்து அதில் இயங்குவது மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், நம் வாயில் சி.எஃப்.டி.ஆர்.ஐ. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டுபிடித்துக் கொடுத்த இடம். நம்மில் பலர் குடித்து வளர்ந்த அமுல் டப்பாவின் பூர்வீகம் அதுதான். நானும் இரண்டு வருடம் அங்கே குப்பை கொட்டியவன் என்பதால் பாசம் கொஞ்சம் அதிகம்.

பருப்பு, மாவு, மசாலா ஆராயும் அந்த இடத்துக்கும் மனநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2008இலும் 2010இலும் மைசூரிலிருந்து இரண்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. சி.எஃப்.டி.ஆர்.ஐ. உயிர்வேதியியல் பிரிவில் இருந்த கே. எஸ். ஜகந்நாத ராவின் குழுவும், அதே ஊர் ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரியின் மனநலப் பேராசிரியர் டி. எஸ். சத்தியநாராயண ராவும் சேர்ந்து செய்தவை. இரண்டுமே பைபோலார் நோய் பற்றியவை. அவை எந்தக் கதையின் நடுவில் வருகின்றன என்று தெரிந்தால்தான் அவற்றின் மதிப்பு புரியும். அந்தக் கதை மைசூரில் தொடங்கவில்லை. தொடங்கியவர் மெட்ராஸில் படித்து, நம்மைப் போலவே கப்பல் ஏறி (சரி, நாம் விமானம்) திரும்பி வராத ஒருவர்.

அதற்கு முன் நோயைப் பற்றி இரண்டு வரி. பைபோலார் என்பது வெறும் 'மூட் அவுட்' இல்லை. சில வாரம், சில மாதம் மனமும் உடம்பும் ஓடிக்கொண்டே இருக்கும். தூக்கம் இரண்டு மணி நேரம் போதும். பேச்சு நிற்காது, பணம் தண்ணீராய்ச் செலவாகும், 'நான் யார் தெரியுமா' என்ற நினைப்பு. இதற்கு மேனியா என்று பெயர். பிறகு அதே ஆள் படுக்கையை விட்டு எழ மாட்டார். பல் தேய்ப்பதே மலை ஏறுவது போல இருக்கும். நடுவில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் முழுக்க இயல்பாகவும் இருப்பார். நம் வீடுகளில் முதல் கட்டத்துக்குக் 'கொழுப்பு' என்றும் இரண்டாவதற்குச் 'சோம்பேறித்தனம்' என்றும் பெயர் வைத்துவிடுகிறோம். நோய்க்காரர் சொல்லும் முதல் வார்த்தையை யாரும் காதில் வாங்குவதில்லை: "உடம்புல தெம்பே இல்ல." தெம்பு. இந்தப் பதிவே அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். அன்று அது மெட்ராஸ் ராஜதானி. மெட்ரிகுலேஷனை மெட்ராஸில் மூன்றாவது முயற்சியில் தேறி, மாநிலக் கல்லூரி வழியாக மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். காந்தியின் பேச்சைக் கேட்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடுப்பில் வந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம். கொஞ்ச நாள் மெட்ராஸ் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்துவிட்டு, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் படிப்பு, வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் இரவுச் சிப்பந்தி வேலை.

அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்பவரின் ஆய்வகத்தில் அவர் செய்த முதல் காரியம் பார்க்கச் சின்னது. இரத்தத்திலும் தசையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு முறை. மாலிப்டேட்டோடு வினைபுரிந்து நீல நிறம் வரும், நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். 1925இல் வெளியான இந்த ஃபிஸ்கே - சுப்பாராவ் முறையை உயிர்வேதியியல் படித்த யாரும் ஒருமுறையாவது செய்திருப்பார்கள். நானும் மைசூரில் செய்திருக்கிறேன், நீலம் வரும் வரை வயிற்றில் புளியைக் கரைக்கும்!

அளக்கும்போது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. நிறம் வரவேண்டிய வேகத்தில் வரவில்லை. தசையில் ஏதோ ஒரு பாஸ்பரஸ் சேர்மம் மெல்ல உடைந்துகொண்டிருந்தது. அதைத் துரத்திப் போய் 1927இல் பாஸ்போகிரியேட்டினைக் கண்டுபிடித்தார்கள். அதே வருடம் இங்கிலாந்தில் எகில்டன் தம்பதியும் அதே பொருளைப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 1929இல் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. ஜெர்மனியில் கார்ல் லோமன் அதைத் தனியாகக் கண்டுபிடித்து கொஞ்சம் முன்னால் அச்சில் வந்துவிட்டார். ஆகவே பாடநூலில் லோமன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும்.

ஏ.டி.பி.யை உடம்பின் சில்லறைக் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட சோறு நேரடியாக எந்த வேலையும் செய்யாது. அதை உயிரணுக்கள் ஏ.டி.பி.யாக மாற்றிய பிறகே செலவு செய்ய முடியும். பாஸ்போகிரியேட்டின் அவசரத்துக்கு இடுப்பில் முடிந்து வைத்திருக்கும் பணம். மாற்றிக் கொடுக்கும் பட்டறையின் பெயர் மைட்டோகாண்ட்ரியா. (இலங்கைப் பாடநூல்களில் இழைமணி. அழகான சொல், நாம்தான் பயன்படுத்துவதில்லை.) ஒரு மனிதன் ஒரு நாளில் செய்து செலவழிக்கும் ஏ.டி.பி. அவன் உடல் எடை அளவுக்கு வரும். அதிகம் செலவாகும் இடங்களில் முதல் வரிசையில் இருப்பது மூளை. எடையில் நூற்றுக்கு இரண்டு, ஓய்வாக இருக்கும்போது கூடச் செலவில் நூற்றுக்கு இருபது. அதிலும் பெரும்பங்கு, நரம்பு உயிரணுவுக்கு வெளியே சோடியத்தை இறைத்துத் தள்ளும் பம்புகளுக்குப் போகிறது. பம்பு நின்றால் நரம்பு பேசாது. அரைகுறையாக ஓடினால் தாறுமாறாகப் பேசும்.

சுப்பாராவுக்கு ஹார்வர்ட் நிரந்தர வேலை தரவில்லை. அவர் கண்டுபிடித்த சில பொருள்களை ஃபிஸ்கே வெளியிட விடாததால் மற்றவர்கள் பிற்பாடு மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று, பின்னாளில் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து லெடர்லி கம்பெனிக்குப் போய் ஃபோலிக் அமிலம், யானைக்கால் மருந்து, புற்றுநோய் மருந்து என்று அவர் செய்ததற்குத் தனிப் பதிவே போடலாம். 1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் இறந்தார். ஊரில் விட்டுவந்த மனைவி அவரை மறுபடி பார்க்கவேயில்லை.

அதே 1948, மார்ச் மாதம். நான் இப்போது குடியிருக்கும் இதே மெல்போர்னில், பண்டூரா என்ற புறநகரில் ஒரு மனநோய் மருத்துவமனை. அங்கே ஜான் கேட் என்ற மருத்துவர், பல வருடமாக மேனியாவில் கத்திக்கொண்டிருந்த ஒருவருக்கு லித்தியம் உப்பு கொடுக்கத் தொடங்கினார். கேட் இரண்டாம் உலகப் போரில் மூன்றரை வருடம் சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர். (அதே ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டத் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஓட்டிக்கொண்டு போனது அந்த வருடங்களில்தான். அது வேறு கதை.) முகாமில் உடன் கைதிகளைப் பார்த்து அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. மனநோய் என்று நாம் சொல்வது உடம்பில் ஏதோ ஒன்று கூடுவதாலோ குறைவதாலோ வருவதாக ஏன் இருக்கக்கூடாது?

ஊருக்கு வந்து, புழங்காத ஒரு சிறிய அறையில் கினிப் பன்றிகளை வைத்துச் சோதித்தார். நோயாளிகளின் சிறுநீர், யூரிக் அமிலம், அதைக் கரைக்க லித்தியம் என்று போய், லித்தியம் கொடுத்த கினிப் பன்றிகள் சாதுவாகிவிட்டதைக் கண்டார். அவை சாதுவானது நச்சு ஏறியதால்தான் இருக்கும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். எப்படியோ, முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1949இல் கட்டுரை வந்தது, பத்து மேனியா நோயாளிகள்.

அந்த முதல் நோயாளியை மருத்துவ நூல்கள் டபிள்யூ. பி. என்ற இரண்டு எழுத்தால் குறிக்கின்றன. ஐம்பது வயதைக் கடந்தவர். சில வாரத்தில் தெளிந்து, சில மாதத்தில் வீட்டுக்குப் போய், பழைய வேலைக்கும் திரும்பினார். பிறகு மாத்திரையை நிறுத்தினார். சரியாகிவிட்டதே, எதற்கு மாத்திரை? நோய் திரும்பியது. மறுபடி லித்தியம், மறுபடி கோளாறு. 1950இல் லித்தியம் நச்சாகி இறந்தார். இரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று பார்த்துக் கொடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. அந்த மருந்தில் உதவும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகலானது. டென்மார்க்கில் மோகன்ஸ் ஷூ முறையான சோதனைகள் செய்து, அமெரிக்கா 1970இல் அனுமதி கொடுக்கும் வரை இருபது வருடம் லித்தியம் ஓரமாகவே கிடந்தது.

ஆக, ஒரே தலைமுறையில் ஒருவர் தெம்பின் மூலக்கூறைக் கண்டுபிடித்தார், இன்னொருவர் தெம்பு தாறுமாறாகும் நோய்க்கு மருந்து கண்டுபிடித்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க இன்னும் நாற்பது சொச்சம் வருடம் ஆயிற்று. நடுவில் எல்லோரும் செரடோனின், டோபமைன் பின்னால் போய்விட்டார்கள். 1970களில் சில மருத்துவர்கள் நோயாளிகளின் சிவப்பணுக்களில் சோடியம் பம்பு சரியாக ஓடுகிறதா என்று பார்த்தார்கள், அதோடு சரி.

திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. 1990களில் தடாஃபுமி கடோவும் சகாக்களும் நோயாளிகளை எம்.ஆர்.ஐ. போன்ற காந்தக் கருவிக்குள் படுக்கவைத்து, மூளையின் பாஸ்பரஸ் சேர்மங்களை அளந்தார்கள். மண்டையைத் திறக்காமல்! அந்தக் கருவியின் வரைபடத்தில் தெரியும் முகடுகள் எவை தெரியுமா? பாஸ்போகிரியேட்டின் ஒன்று. ஏ.டி.பி.க்கு மூன்று. நம்ம சுப்பாராவின் இரண்டு பிள்ளைகளும்தான். பைபோலாரின் ஒரு வகையில், மூளையின் முன்பகுதியில் பாஸ்போகிரியேட்டின் குறைந்திருப்பதாக 1994இல் எழுதினார்கள். 2000இல் கடோ இதையெல்லாம் கோத்து, இந்த நோயில் மைட்டோகாண்ட்ரியாவின் கோளாறுக்குப் பங்கு இருக்கலாம் என்று ஒரு கருதுகோளாக முன்வைத்தார். 2004இல் அமெரிக்காவில் இரண்டு முடிவுகள் துணைக்கு வந்தன. மருந்து சாப்பிடாத நோயாளிகளின் மூளையில் லாக்டேட் கூடுதலாக இருந்தது, பட்டறை சரியாக ஓடாதபோது சேரும் பொருள் அது. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்த இன்னொரு குழு, மைட்டோகாண்ட்ரியாவுக்கான பல மரபணுக்கள் மந்தமாக இருப்பதைக் கண்டது.

இப்போது மைசூருக்குத் திரும்புவோம். மனநோயைச் சோதனைச்சாலைக்குள் கொண்டுவருவது அந்தச் சீமைக்குப் புதிதில்லை. மைசூர் பல்கலைக்கழகத்தில் 1924இலேயே உளவியல் துறை. அதன் எம். வி. கோபாலசுவாமிதான் 1935இல் தன் வீட்டில் வானொலி நிலையம் வைத்து அதற்கு ஆகாசவாணி என்று பெயர் சூட்டியவர். சமஸ்தானத்தின் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பெங்களூரில் 1847இலிருந்து இருந்தது. 1925இல் 'மனநோய் மருத்துவமனை' என்று பெயரை மாற்றினார்கள். 1954இல் அதை ஒட்டி அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது, 1974இல் இரண்டும் சேர்ந்து நிம்ஹான்ஸ். இதை எழுதும்போது ஏர்வாடி நினைவுக்கு வராமல் இல்லை. 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் போனார்கள், நம் தமிழ்நாட்டில்.

சி.எஃப்.டி.ஆர்.ஐ. குழு ஏற்கெனவே அல்சைமர் நோயில் அலுமினியம், செம்பு போன்ற உலோகங்கள் மூளையை என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தது. உணவில் தாதுக்களை அளக்கும் கருவிகளும் கைகளும் அங்கே தயார். 2008 கட்டுரையில் பைபோலார் நோயாளிகளின் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், துத்தநாகம் என்று ஒரு பட்டியலையே அளந்து, அவற்றுக்கு இடையிலான சமநிலை நோயில்லாதவர்களிடம் இருப்பது போல இல்லை என்று காட்டினார்கள். இதில் தெம்பு எங்கே வந்தது? ஏ.டி.பி. வேலை செய்வதே மக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டுதான். சோடியம் பம்பைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

2010 கட்டுரை கனமானது. பைபோலார் மனச்சோர்வில் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மூளையைப் பகுதி பகுதியாக எடுத்து, டி.என்.ஏ. இழைகள் எவ்வளவு அறுந்திருக்கின்றன என்று பார்த்தார்கள். நோயில்லாமல் இறந்தவர்களின் மூளையைவிட அறுபட்ட இழைகள் அதிகம். மைட்டோகாண்ட்ரியா வேலை செய்யும்போது கொஞ்சம் புகை விடும். ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் முரட்டு மூலக்கூறுகள் அவை. பட்டறை கெட்டால் புகை கூடும், புகை டி.என்.ஏ.வைத் தின்னும். டி.என்.ஏ. அறுந்ததற்கு இது ஒரு விளக்கம், ஒரே விளக்கம் இல்லை. அந்த மூளைகளைக் கொடுக்கச் சம்மதித்த குடும்பங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த நாளில், அந்தத் துக்கத்தில், 'சரி எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல எவ்வளவு மனசு வேண்டும்.

இனி இந்தப் பதிவு எழுத வேண்டிவந்த காரணம். இங்கே எனக்குத் தெரிந்த ஓர் அக்கா போன் செய்தார். "தம்பி, நீங்க மைசூர்ல சாப்பாட்டு விஞ்ஞானம் படிச்சவர்தானே? பையனுக்கு லித்தியத்த நிறுத்திட்டு மைட்டோகாண்ட்ரியா பவுடர் குடுக்கலாமான்னு மாமா கேக்கறார். எனர்ஜி பிரச்சினைன்னு கண்டுபிடிச்சிட்டாங்களாமே?" பின்னணியில் இன்னொரு குரல் கேட்டது. அது அம்மா வழியாகத்தான் வருமாமே, பெண் வீட்டில் விசாரிக்காமல் விட்டுவிட்டோமே என்று.

பவுடர் விஷயம் முதலில். ஆஸ்திரேலியாவிலேயே அதைச் சோதித்திருக்கிறார்கள். பைபோலார் மனச்சோர்வில் இருந்த 181 பேர். வழக்கமான மருந்தோடு கூட, ஒரு பிரிவுக்கு என்-அசிட்டைல்சிஸ்டீன், இன்னொரு பிரிவுக்கு அதோடு மைட்டோகாண்ட்ரியாவுக்கு நல்லது என்று கருதப்படும் சத்துகளின் கலவை, மூன்றாவதற்கு வெறும் டம்மி மாத்திரை. 16 வாரம். 2019இல் முடிவு வந்தது, பிரிவுகளுக்கிடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. யாரும் லித்தியத்தை நிறுத்திவிட்டுச் செய்த சோதனையும் இல்லை அது. கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு பற்றியும் சின்னச் சின்ன ஆய்வுகள் நடக்கின்றன. நெய்யில் மிதக்கும் மைசூர் பாகு அந்தக் கணக்கில் வராது, சர்க்கரை இருக்கிறது (சிரிப்பான் போட்டுக்கொள்ளவும்). தமாஷ் போகட்டும், லித்தியத்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நோய் வேகமாகத் திரும்பும், தற்கொலை அபாயம் கூடும். டபிள்யூ. பி.யின் கதையைத்தான் அக்காவிடம் போனில் சொன்னேன்.

அடுத்தது அம்மா வழி. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று ஒரு துளி டி.என்.ஏ. உண்டு, அது அம்மாவிடமிருந்து மட்டும் வரும், உண்மைதான். ஆனால் அதில் இருப்பது 37 மரபணுக்கள். மைட்டோகாண்ட்ரியாவை ஓட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் கிட்டத்தட்ட எல்லாமே உயிரணுவின் உட்கருவில் இருந்து வருகின்றன. அது அப்பா பாதி, அம்மா பாதி. பைபோலாரில் இதுவரை கண்டுபிடித்த மரபணு அபாயமும் பெரும்பாலும் உட்கருவில்தான், நூற்றுக்கணக்கான இடங்களில் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கிறது. 'பெண் வீடு, மாப்பிள்ளை வீடு' பஞ்சாயத்துக்கு இந்த அறிவியலைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். மாப்பிள்ளை வீடும் மாட்டிக்கொள்ளும்.

கருதுகோளிலும் ஓட்டைகள் இருக்கின்றன. தெம்புக் குறைவுதான் நோய் என்றால் மேனியாவில் அவ்வளவு தெம்பு எங்கிருந்து வருகிறது? மேனியாவில் பட்டறை அதிவேகம், சோர்வில் மந்தம், கோளாறு கட்டுப்படுத்தும் விசையில் என்கிறார்கள் சிலர். எனக்கு அது நியாயமாகப் படுகிறது, ஆனால் நிரூபணம் ஆகவில்லை. இன்னொன்று, எது முதல், எது பின்? தூக்கமின்மை, எடை கூடுதல், வருடக்கணக்கான மருந்துகள் எல்லாமே மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிக்கக்கூடியவை. இறந்தவரின் மூளையைப் பார்த்து இதைப் பிரிப்பது கஷ்டம். அதனால்தான் நிம்ஹான்ஸ் குழு உயிரோடு இருக்கும் நோயாளிகளின் உயிரணுக்களை வளர்த்துப் பார்க்கிறது. லித்தியம் யாருக்கு நன்றாக வேலை செய்ததோ, அவர்களின் உயிரணுக்கள் லித்தியம் சேர்த்தபோது கூடுதலாகப் பிழைத்தன என்று 2020இல் எழுதினார்கள். யாருக்கு இந்த மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால் எவ்வளவு வருடங்கள் மிச்சமாகும்!

கடைசியாக, ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு. லித்தியம் சாப்பிடுபவர் உடம்பில் நீர் வற்றினாலோ, திடீரென்று உப்பைக் குறைத்தாலோ இரத்தத்தில் லித்தியம் ஏறும். சென்னை மே மாத வெயில், வயிற்றுப்போக்கு, கோயில் விரதம் மூன்றும் ஒரே வாரத்தில் வருவது நமக்குப் புதிதில்லை. தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டாலும் ஏறும். கை நடுக்கம், வாந்தி, நடை தள்ளாட்டம் வந்தால் 'ஜெட் லாக்' என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், லித்தியம் சாப்பிடுகிறார் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்தவர்களை ஆராய்ந்து 1982இல் ஒரு கட்டுரை வந்தது. மேற்கே பறந்தவர்களிடம் மனச்சோர்வும் கிழக்கே பறந்தவர்களிடம் மேனியாவின் லேசான வடிவமும் அதிகம் இருந்தன. சென்னையிலிருந்து மெல்போர்ன் திரும்புவது கிழக்குப் பயணம். டிக்கெட் போடுவதற்கு முன் இரத்தப் பரிசோதனைக்கும், பயணத்தின்போது மாத்திரையை எந்த ஊர் நேரப்படி எடுப்பது என்று கேட்பதற்கும் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.